பிள்ளையின் சப்பாத்துக்குள் ஒரு முறை கையை விட்டுப் பாருங்கள்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வலய மட்ட விளையாட்டுப் போட்டிகள் நெருங்குகின்றன. ஊரில் பல வீடுகளில் இப்போது சப்பாத்து எடுக்கிற கதை நடக்கிறது. எடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நாங்கள்" என்று எழுதுவது எங்கள் பாடசாலையில் ஓட்டக் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கும் மூன்று ஆசிரியர்களை. கீழே ஒரு பிழையைப் பற்றி எழுதியிருக்கிறோம். அது மூவருடைய பிழையும்தான்.

போன வருடம் தரம் 9இல் ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் வேண்டாம். பாடசாலை விட்டு, லுஹர் தொழுதுவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரையில்தான் எங்கள் பயிற்சி. ஈர மணலில் வெறுங்காலோடு ஓடுவாள். அவளோடு ஓடத் தொடங்குகிற பிள்ளைகள் பாதித் தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பார்கள். அவள் போய்த் திரும்பி வந்து அவர்களோடு சேர்ந்து மறுபடியும் ஓடுவாள். இல்ல விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் இவளுக்கும் இடையில் இருந்த தூரத்தைப் பார்த்து அதிபரே கதிரையை விட்டு எழும்பி நின்றார்.

வலய மட்டத்துக்குத் தெரிவானதும் நாங்கள் செய்த முதல் வேலை, அவளுடைய உம்மாவைக் கூப்பிட்டு, "ஓடுற சப்பாத்து ஒண்டு எடுத்துக் குடுங்க" என்று சொன்னது.

வெறுங்காலோடு ஓடக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. தடகளப் போட்டிகளின் சர்வதேச விதிகளே வெறுங்காலோடு ஓடலாம் என்கின்றன. ஒரு காலில் மட்டும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடவும் இடமிருக்கிறது. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் கலர் கலரான சப்பாத்துகளோடு வந்து நிற்கும்போது எங்கள் பிள்ளை மட்டும் வெறுங்காலோடு நிற்பதை நினைக்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு வெட்கமும் இருக்கவில்லை.

அவளுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். உம்மா விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்கிறவர். 2022 நெருக்கடிக்குப் பிறகு சப்பாத்து விலை எப்படி ஏறியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு கிழமைக்குள் அந்த உம்மா 6,500 ரூபா கொடுத்துச் சப்பாத்து எடுத்துவிட்டார். பெட்டியோடு பாடசாலைக்கே கொண்டு வந்து காட்டினார். நல்ல சப்பாத்து. இளநீல நிறம். நாக்கில் யூகே 6 என்று இருந்தது.

"கொஞ்சம் பெருசாத்தான் எடுத்த டீச்சர். வளருற புள்ளதானே. அடுத்த வருசமும் போடலாம்" என்றார்.

"அதுதான் நல்லம். அப்படித்தான் எடுக்கணும்" என்றோம் நாங்கள்.

இந்த வார்த்தை எங்கள் வாயிலிருந்துதான் வந்தது. எங்கள் உம்மாமார் எங்களுக்கும் அப்படித்தான் எடுத்துத் தந்தார்கள். பெருநாள் உடுப்பும் அப்படித்தான், பாடசாலைச் சப்பாத்தும் அப்படித்தான். நுனியில் பஞ்சு வைத்து நடந்து, பஞ்சை எடுத்துவிட்டு நடந்து, கடைசியில் விரலை மடக்கிக்கொண்டு நடந்த தலைமுறை நாங்கள். ஒரு சப்பாத்து காலுக்குச் சரியாக இருந்த காலம் நடுவில் ஒரு மூன்று மாதம்தான் இருந்திருக்கும்.

சப்பாத்தோடு பயிற்சி தொடங்கியது. ஓடும்போது டப் டப் என்று சத்தம் கேட்டது. வேகம் குறைந்தது. கூட ஓடுகிற பிள்ளைகள் அவளைப் பிடித்துவிட்டார்கள். நாங்கள் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டு, "புதுச் சப்பாத்து மன. பழகினா சரியா வரும்" என்று சொன்னோம். இரண்டு கிழமையும் இதையேதான் சொன்னோம்.

போட்டியன்று 800 மீற்றரில் முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தாள். இரண்டாவது சுற்றில் வளைவில் திரும்பும்போதே தெரிந்தது, காலைத் தூக்கி ஓடாமல் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள் என்று. கோட்டைத் தாண்டும்போது ஆறாவது. அழவில்லை. கூடாரத்தில் வந்து உட்கார்ந்தாள். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை. பஸ் வந்து ஏறும்போது நொண்டுவதைக் கண்டு, உட்கார வைத்து நாங்கள்தான் கழற்றினோம்.

சொக்ஸ் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி மெதுவாக எடுத்தோம். வலது காலின் பெருவிரல் நகம் கறுத்து, ஓரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. இரண்டு குதிக்காலிலும் தோல் உரிந்திருந்தது. சப்பாத்தின் நுனிக்குள் கையை விட்டால் மடித்து மடித்து வைத்த ஒரு துணி. அது அவளுடைய உம்மாவின் பழைய சால்வையின் துண்டு. அந்தச் சால்வையோடு அவர் பாடசாலைக்கு வந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

"ஏன் மன எங்களுக்குச் சொல்லல்ல?"

"உம்மா சீட்டெடுத்து வாங்கித் தந்த டீச்சர். கடிக்குதெண்டு சொன்னா உம்மாக்குக் கவலயா இரிக்கும். நீங்களும் பழகினா சரியா வருமெண்டு சொன்ன."

அதற்குப் பிறகு பஸ்ஸில் நாங்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்பு போடச் சொல்லித் தந்தார்கள். கோல் மாற்றுவது, ஆரம்பக் கட்டளை கொடுப்பது, முதலுதவி எல்லாம் படித்தோம். மைதானத்தை நாடா பிடித்து சென்ரிமீற்றர் கணக்கில் அளந்தோம். ஓடுகிற பிள்ளையின் காலை அளக்க வேண்டும் என்று மட்டும் எங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தோம், கடைக்காரக் காக்காமாரிடம் கேட்டோம், பிள்ளைகளின் கால்களைப் பார்த்தோம். தெரிந்துகொண்டதை எழுதுகிறோம்.

முதலில் எங்களுக்கே விளங்காமல் இருந்தது இது: சின்னச் சப்பாத்து நகத்தைக் கறுக்க வைக்கும், சரி. பெரிய சப்பாத்தில் எப்படி நகம் கறுக்கும்?

பெரிய சப்பாத்துக்குள் கால் நிலையாக நிற்காது. ஒவ்வொரு எட்டிலும் முன்னுக்கு வழுக்கிப் போய் நுனியில் மோதும். ஒரு எட்டில் மோதுவது தெரியாது. இரண்டு கிழமைப் பயிற்சியில் எத்தனை ஆயிரம் எட்டு என்று நினைத்துப் பாருங்கள். நகத்துக்கு அடியில் இரத்தம் கட்டுகிறது. குதிக்கால் மேலும் கீழும் உரசிக் கொப்புளம் போடுகிறது. சப்பாத்து கழன்று போகாமல் இருக்க விரல்கள் தாமாகவே மடங்கித் தரையைப் பிடிக்கப் பார்க்கின்றன. அதனால் பாதமும் கெண்டைக்காலும் சீக்கிரம் களைத்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. நம்முடைய கால் மடங்குவது விரல்கள் தொடங்குகிற மூட்டில். ஓடுகிற சப்பாத்தும் அந்த இடத்தில்தான் மடங்கும்படி செய்யப்பட்டிருக்கும். சப்பாத்து இரண்டு சைஸ் பெரிதென்றால் கால் ஓர் இடத்திலும் சப்பாத்து வேறோர் இடத்திலும் மடங்கும். நுனியில் துணி வைத்தால் இதில் எதுவும் சரியாகாது. மோதுவதற்கு இன்னொரு சுவர் கிடைக்கும், அவ்வளவுதான்.

சின்னச் சப்பாத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். காக்கா போட்டதைத் தம்பி போடுவான். தம்பியின் கால் காக்காவை விடப் பெரிதாக வளர்ந்த பிறகும் போடுவான். விரல் மடங்கும், நகம் சதைக்குள் வளரும்.

அடுத்தது சைஸ் என்கிற இலக்கம். அதை நாங்கள் காலின் அளவு என்று நினைத்திருந்தோம். உண்மையில் அது சப்பாத்தைச் செய்கிற அச்சின் அளவு. யூகே சைஸ் என்பது பழைய ஆங்கிலேய முறை. ஒரு பார்லி மணியின் நீளத்தை, அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கை, ஒரு படியாக வைத்தார்கள். ஆகவே 4க்கும் 5க்கும் இடையில் கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீற்றர். இரண்டு சைஸ் பெரிது என்றால் 17 மில்லிமீற்றர். வாயால் சொல்லும்போது "ரெண்டு சைஸ்தானே" என்று லேசாக வருகிறது. அடிமட்டத்தை எடுத்து 17 மில்லிமீற்றரைப் பாருங்கள், அது ஒரு சின்ன விரலின் அகலத்துக்கும் கூட. ஐரோப்பிய முறையில் ஒரு படி ஒரு சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு. அமெரிக்க முறையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இலக்கமே வேறு. இது போதாதென்று ஒரு கம்பனியின் 5 இன்னொரு கம்பனியின் 5 போல இருக்காது. ஒரே கம்பனியின் இரண்டு மொடலும் ஒரே மாதிரி இருக்காது. "புள்ளக்கு சைஸ் 5 தாங்க" என்று கேட்டுப் பெட்டியோடு வாங்கி வருவது அதனால்தான் பிழைக்கிறது.

நாக்கின் உள்பக்கத்தில் இருக்கும் சின்னத் துண்டைப் பாருங்கள். பல சப்பாத்துகளில் யூகே, யூஎஸ், ஈயூ என்ற இலக்கங்களோடு சென்ரிமீற்றரிலும் ஓர் இலக்கம் இருக்கும். 23, 23.5, 24 என்று. எந்த நீளமான காலுக்காக அந்தச் சப்பாத்து செய்யப்பட்டது என்பதைக் காட்டுவது அது. மற்ற இலக்கங்களை விட அதுதான் நமக்கு விளங்கக்கூடியது, ஏனென்றால் காலை நாமே வீட்டில் அளந்துவிடலாம்.

அளப்பது இப்படித்தான். சுவரோடு ஒரு கடதாசியை வையுங்கள். பிள்ளை குதிக்காலைச் சுவரில் முட்ட வைத்து, இரண்டு காலிலும் பாரம் கொடுத்து நிற்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு அளந்தால் நீளம் குறைவாக வரும், ஏனென்றால் பாரம் இறங்கும்போது பாதம் நீண்டு அகலும். மிக நீளமான விரலின் நுனியில் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து அடையாளம் வையுங்கள். சுவரிலிருந்து அந்த அடையாளம் வரை அடிமட்டத்தால் அளவுங்கள். பெருவிரல்தான் நீளம் என்று முடிவு செய்துவிடாதீர்கள், பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு காலையும் அளவுங்கள். சப்பாத்து எடுப்பது பெரிய காலுக்கு.

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் குழுப் பிள்ளைகள் எல்லோரையும் வரச் சொல்லி இப்படி அளந்தோம். ஒருவனுக்கு இடது காலும் வலது காலும் அரை சைஸ் வித்தியாசம். ஒருவன் இரண்டு வருடமாக விரலை மடக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான், அவனுக்கே அது தெரியாது. சப்பாத்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறான். யூகே 6 போட்டு ஓடிய எங்கள் பிள்ளையின் வலது கால் 22.8 சென்ரிமீற்றர். இடது கால் 22.5. அவளுக்குச் சரியாக இருந்திருக்கக் கூடியது 4.

அகலத்தையும் பார்த்தோம். நம்முடைய பிள்ளைகள் வீட்டில் வெறுங்கால், ஒழுங்கையில் பாட்டாச் செருப்பு, கடற்கரையில் வெறுங்கால். இப்படி வளர்கிற பாதம் முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். அது குறையல்ல, ஆரோக்கியமான பாதம் அப்படித்தான் இருக்கும். ஆனால் கடைக்கு வரும் சப்பாத்துகளில் பல ஒடுங்கிய முன்பக்கம் கொண்டவை. பக்கவாட்டில் இறுகுவதால் ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிறோம். பக்கம் சரியாகிறது, நீளம் கூடிவிடுகிறது, குதிக்கால் கழன்று கழன்று வருகிறது. அகலம் போதாவிட்டால் நீளத்தைக் கூட்டுவதை விட வேறு மொடலைப் பார்ப்பதுதான் வழி. சில கம்பனிகள் ஒரே நீளத்தில் அகலம் கூடியதும் செய்கின்றன. பெட்டியில் 2ஈ, 4ஈ என்று போட்டிருந்தால் அகலமானது என்று அர்த்தம். நம்முடைய பஜாரில் அவை கிடைப்பது குறைவு. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

கடையில் என்ன செய்வது?

1. அஸருக்குப் பிறகு போங்கள். பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் வெயிலிலும் கால் அப்படித்தான் வீங்கும். காலையில் சரியாக இருந்த சப்பாத்து மாலையில் இறுகுவது இதனால்தான்.

2. ஓடும்போது போடுகிற சொக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். மெல்லிய சொக்ஸோடு அளவு பார்த்துவிட்டுத் தடித்த சொக்ஸோடு ஓடினால் அளவு பார்த்ததில் பயனில்லை.

3. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். "காலின் அளவுக்கு நூல் கொண்டு வந்திருக்கேன் காக்கா" என்று கடைக்கு வருகிற வாப்பாமார் இன்னும் இருக்கிறார்கள் என்று கடைக்காரர் ஒருவர் எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். நூல் அகலத்தைக் காட்டாது, வலியையும் சொல்லாது.

4. இரண்டு சப்பாத்தையும் போட்டு, லேஸைக் கட்டி, எழும்பி நிற்கச் சொல்லுங்கள். மிக நீளமான விரலுக்கும் சப்பாத்து நுனிக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடம் இருக்க வேண்டும். ஓட்டத்தில் கால் முன்னுக்குப் போவதற்கும் வீங்குவதற்கும் அந்த இடம் தேவை. வளருகிற பிள்ளைக்கும் அந்த இடம் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

5. நீங்கள் நுனியை அமுக்கிப் பார்க்கும்போது பிள்ளை தெரியாமலே விரலை மடக்கிக்கொள்ளும். அதனால் நிறைய இடம் இருப்பது போலத் தெரியும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பல சப்பாத்துகளில் உள்ளே இருக்கும் மெத்தைத் தட்டைக் கழற்றி எடுக்கலாம். அதைத் தரையில் வைத்துப் பிள்ளையை அதன் மேல் நிற்க வையுங்கள். முன்னுக்கு எவ்வளவு இடம் மிச்சம், பக்கவாட்டில் விரல் வெளியே தள்ளுகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

6. நடுப்பாதம் இறுக்கமில்லாமல் அணைத்திருக்க வேண்டும். குதிக்கால் வழுக்கக்கூடாது. விரல்களுக்கு உள்ளே அசைய இடம் இருக்க வேண்டும்.

7. கடைக்குள்ளேயே நடக்கச் சொல்லுங்கள். காக்கா சம்மதித்தால் கடை வாசலில் பத்து எட்டு ஓடச் சொல்லுங்கள். ஓடுகிற சப்பாத்து போட்ட முதல் நாளே சுகமாக இருக்க வேண்டும். "போடப் போட இளகும்" என்பது தோல் சப்பாத்துக் காலத்துக் கதை. கடையில் கடிக்கிற சப்பாத்து மைதானத்திலும் கடிக்கும்.

நீளமும் அகலமும் சரி, குதிக்கால் மட்டும் கொஞ்சம் அசைகிறது என்றால் லேஸ் கட்டுகிற விதத்தால் சரி செய்யலாம். சப்பாத்தின் மேல்பக்கத்தில் கடைசியாக, கொஞ்சம் பின்தள்ளி, ஒரு துளை சும்மா கிடக்கும். ஏன் அது என்று பலருக்குத் தெரியாது. லேஸை முந்திய துளையிலிருந்து அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டால் ஒரு சின்ன வளையம் கிடைக்கும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிக்கால் பூட்டியது போல நிற்கும்.

பிள்ளைகளுக்கு நாங்கள் இப்போது ஒரு கதை சொல்கிறோம். 1960இல் ரோமில் நடந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். அங்கே அவருக்குக் கிடைத்த சப்பாத்து காலுக்குச் சரியாக இருக்கவில்லை. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர், அதனால் அப்படியே ஓடினார். 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். அவரை யாரும் "பழகினா சரியா வரும்" என்று சொல்லிக் கடிக்கிற சப்பாத்தோடு 42 கிலோமீற்றர் அனுப்பவில்லை. எங்கள் பிள்ளையை நாங்கள் அனுப்பினோம்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விடயமும் இல்லை. சுபஹு தொழுதுவிட்டு கடற்கரை வீதியில் நடக்கிற எங்கள் உம்மாமாரையும் வாப்பாமாரையும் பாருங்கள். டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சப்பாத்து, மருமகன் போட்டுக் கழித்த சப்பாத்து, ஏதோ ஒன்றோடு நடக்கிறார்கள். சீனி வருத்தம் பல வருடமாக இருப்பவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்துவிடலாம். அப்போது சப்பாத்து கடிப்பதே தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணாகி, அந்தப் புண் ஆறாமல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் ஊரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆகவே "போட்டால் சுகமா இருக்கா" என்று அவர்களிடம் கேட்டால் போதாது. அளந்து எடுத்துக் கொடுங்கள். போடுவதற்கு முன் சப்பாத்துக்குள் கையை விட்டுக் கல், மணல், மடிந்த துண்டு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடந்து வந்த பிறகு பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் வீட்டில் யாராவது பாருங்கள்.

இனி, காசுக் கதை. "அளவா எடுத்தா ஆறு மாசத்தில சின்னனாப் போயிரும். ஆர் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாங்குற?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த உம்மாவும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் 6 எடுத்தார். அவரைப் பிழை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

இதற்கு நாங்கள் கண்ட வழி ஒரு பெட்டி. பாடசாலை விளையாட்டு அறையில் வைத்திருக்கிறோம். காலுக்குச் சின்னதாகிவிட்ட, ஆனால் இன்னும் நல்லாயிருக்கிற ஓட்டச் சப்பாத்துகளைக் கொண்டு வந்து போடலாம். தேவையானவர்கள் அளந்து பார்த்து எடுக்கலாம். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று எழுதி வைப்பதில்லை. எல்லாச் சப்பாத்தையும் நாங்கள் ஏற்பதும் இல்லை. அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்தது, மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் சாய்ந்து நிற்பது, உள்மெத்தை செத்துப் போய் அமுக்கினால் கல் மாதிரி இருப்பது, இவை வேண்டாம். முதலில் போட்டவரின் நடைக்கு வளைந்துபோன சப்பாத்து இன்னொரு பிள்ளைக்கு உபகாரமாகாது. பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சின்னதாகிவிடுவதால் அவர்களுடையதில் பல அதிகம் தேயாமலே வருகின்றன. அதில்தான் எங்கள் நம்பிக்கை.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள்.

போட்டிக்குப் பிறகு இரண்டு மாதம் பயிற்சிக்கு வரவில்லை. நகம் கழன்று விழுந்து புதிது முளைத்துக்கொண்டிருந்தது. நகத்துக்காக மட்டும் வராமல் இருந்தாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போனோம். உம்மாவிடம், "பிழை எங்களுடையது. வெறுங்காலோடு நல்லா ஓடின பிள்ளைக்கு நாங்கள்தான் சப்பாத்து எடுக்கச் சொன்னோம். பெருசா இருக்கு என்று தெரிந்தும் நல்லம் என்று சொன்னோம்" என்றோம். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அந்த இளநீலச் சப்பாத்தைத் துடைத்து, பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். அது இப்போது எங்கள் குழுவில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் காலில் ஓடுகிறது. அவளுக்கு அது அளவு.

மூன்றாம் மாதம் அவள் வந்தாள். வெறுங்காலோடு ஓடினாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

போன கிழமை பெட்டியிலிருந்து ஒரு சோடியை எடுத்துக் கொடுத்தோம். இந்த ஒரு வருடத்தில் அவளுடைய காலும் வளர்ந்திருக்கிறது, அளந்துதான் கொடுத்தோம். சென்ரிமீற்றர் கணக்கு சரி. தட்டை எடுத்து நிற்க வைத்தும் பார்த்தோம், சரி. லேஸைக் கட்டிக்கொண்டு அறையின் அந்தப் பக்கம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். நாங்கள் மூவரும் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"டீச்சர், இது சரி வராது. சின்ன விரல்ல கடிக்குது" என்றாள்.

போன வருடம் இரத்தம் வரும்வரை வாய் திறக்காத பிள்ளை. அந்த ஒரு சொல்லைக் கேட்க எங்களுக்கு ஒரு வருடம் எடுத்திருக்கிறது. கழற்றி வைத்துவிட்டு அடுத்த சோடியை எடுத்தோம். அதுவும் சரிவரவில்லை. பெட்டியில் அவளுடைய அளவுக்கு வேறு இல்லை. இன்ஷா அல்லாஹ் கிடைத்தால் சப்பாத்தோடு ஓடுவாள், கிடைக்காவிட்டால் வெறுங்காலோடு ஓடுவாள். இரண்டுக்கும் நாங்கள் சம்மதம். கூடாரத்தில் எங்களை யார் எப்படிப் பார்த்தாலும் பரவாயில்லை.

பெற்றோரிடம் கேட்பது மூன்று விடயம்தான்.

இன்று இரவு பிள்ளையின் சப்பாத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். துணி, பஞ்சு, கடதாசி ஏதும் இருந்தால் கோபப்படாமல் விசாரியுங்கள். விலையை நினைத்துப் பேசாமல் இருக்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் நிறையப் பேர்.

வளருகிற பிள்ளையின் காலை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்து, அந்தக் கடதாசியில் திகதி போட்டு வையுங்கள். சப்பாத்துப் போடும்போது வலது காலில் ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். அதோடு சேர்த்து, "எங்கேயாவது கடிக்குதா?" என்று கேட்கவும் பழகிக்கொள்வோம்.

வீட்டில் சும்மா கிடக்கிற நல்ல ஓட்டச் சப்பாத்துகள் இருந்தால், கழுவிக் காயவைத்து, இரண்டு லேஸையும் சேர்த்து முடிந்து, பாடசாலை நாட்களில் 2 மணிக்கு முன் விளையாட்டு அறையில் ஒப்படையுங்கள். இப்போது எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது யூகே 4½, 5. முன்பக்கம் அகலமானதாக இருந்தால் இன்னும் நல்லது. யாருக்காக என்று உங்களுக்குத் தெரியும்.

பிள்ளைகள் எங்கள் கையில் இருக்கிற அமானிதம். அவர்களுடைய கால்களும் அதில் சேர்த்திதான். அல்லாஹ் எங்கள் பிழைகளை மன்னிப்பானாக. துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.